சமயக் கலைச்சொற்களின் சமூக வரலாறு: பங்கு, கடன், சங்கம், கால்சா

1. சொற்பட்டியலும் வரலாறும்

சமயங்களை ஒப்பிட்டு நோக்கும் நூல்கள் பெரும்பாலும் சொற்பட்டியல் ஒன்றினையே முதலிலே தருகின்றன. கர்மம் என்பது வினைப்பயன். சங்கம் என்பது துறவியர் கூட்டம். ஸக்காத் என்பது ஏழைகளுக்குரிய கட்டாயக் கொடை. கால்சா என்பது சீக்கியரின் தூய சமூகம் என்றவாறு அப்பட்டியல் அமையும். தொடக்கநிலை மாணாக்கருக்கு இத்தகைய விளக்கங்கள் பயன்படும் என்பதில் ஐயமில்லை. ஆயினும், ஒரு சொல் தோன்றிய நாள்தொட்டு ஒரே பொருளையே தந்து வந்துள்ளது என்ற மயக்கத்தையும், அப்பொருள் அச்சமயத்தாருக்கு மாத்திரமே உரிய தனிச்சொத்து என்ற மயக்கத்தையும் அவை உண்டாக்கிவிடுகின்றன. முதலாவது மயக்கம் வரலாற்றை மறைக்கின்றது. இரண்டாவது மயக்கம் சமயப் பகைமையை வளர்ப்போர்க்குக் கருவியாகின்றது.

சமயக் கருத்துக்களைச் சமூக அடித்தளத்தோடு இணைத்து நோக்குவோரிடையேயும் ஒரு குறைபாடு காணப்படுவதுண்டு. சமயம் ஆளும் வர்க்கத்தினரின் ஏமாற்று என்று கூறி, அத்துடன் ஆராய்ச்சி முடிந்துவிட்டதாக அவருட் சிலர் அமைதி கொள்வர். ஹெகலின் உரிமைத் தத்துவம் பற்றி மார்க்ஸ் எழுதி 1844 இல் வெளிவந்த முன்னுரை இவ்வெளிய முடிவுக்கு இடந்தருவதில்லை. மனிதரின் மெய்யான துயரம் சமயத்தில் வெளிப்படுகின்றது என்றும், அத்துயருக்கு எதிரான கண்டனமும் அங்கேயே ஒலிக்கின்றது என்றும் அவர் கண்டார். இவ்விரு பக்கங்களையும் ஒருங்கே நோக்கினாலன்றிச் சமயச் சொற்களின் வரலாறு புலப்படாது.

இந்திய உபகண்டத்தில் ஒன்றோடொன்று உறவாடிய இந்து, பௌத்த, இஸ்லாமிய, சீக்கிய சமயங்களின் அடிப்படைச் சொற்கள் சிலவற்றை இக்கட்டுரை ஆராய்கின்றது. இச்சொற்கள் பங்கீடு, கடன், கணக்கு, கூட்டம், இறைவரி ஆகிய அன்றாடப் பொருளியல் அரசியல் உறவுகளிலிருந்து பிறந்தவை. புதிய இயக்கங்கள் தோன்றியபோது பழைய சொற்களே புதிய கோரிக்கைகளைத் தாங்கின. அக்கோரிக்கைகளை நிறைவேற்றத்தக்க சமூக அடித்தளம் இல்லாதவிடத்துச் சொல் மட்டும் எஞ்சியது. சில வேளைகளில் எதிரான பயனுக்கும் அது உதவிற்று. இதுவே ஈண்டு நிறுவ முயலும் கருத்தாகும்.

2. பங்கும் கடனும்

இருக்கு வேதத்திலே பகன், அம்சன் என இரு தெய்வங்கள் ஆதித்தியர் வரிசையில் இடம்பெறுகின்றனர். பகன் என்னும் பெயர் 'பஜ்' என்னும் வினையடியோடு தொடர்புடையது. பகிர்தல், பங்கிடுதல், பங்கேற்றல் என்பன அதன் பொருள்கள். அம்சம் என்பதும் பங்கு என்றே பொருள்படும். கால்நடைகளையும் போரிற் கிடைத்த செல்வத்தையும் குழுவினர் தமக்குள் பகிர்ந்துகொண்ட ஒரு வாழ்க்கை முறையில், பங்கீடு என்னும் செயலே தெய்வமாக உருவகிக்கப்பட்டமை வியப்பன்று. கிரேக்கரின் 'மொய்ரா' என்னும் ஊழ்த்தெய்வத்தின் பெயரும் பங்கு என்னும் பொருளுடையதே என்பதைப் பேராசிரியர் ஜோர்ஜ் தொம்சன் 1949 இல் வெளிவந்த தமது பண்டைக் கிரேக்க சமுதாய ஆய்வில் விரிவாக எடுத்துக்காட்டினார். பழந்தமிழில் 'பால்' என்னுஞ் சொல் பகுப்பையும் ஊழையும் ஒருங்கே குறிப்பதை இவற்றோடு வைத்து நோக்குதல் தகும்.

'பஜ்' என்னும் அதே வினையடியிலிருந்தே பாகம், பக்தம், பக்தி ஆகிய சொற்களும் பிறந்தன. பாகம் பங்கைக் குறித்தது. பின்னர் விளைச்சலில் அரசனுக்குரிய ஆறிலொரு பங்கையும் அதுவே குறிக்கலாயிற்று. பக்தம் பங்கிட்ட உணவைக் குறித்தது. பக்தி, பங்கேற்றல் என்ற நிலையினின்று நகர்ந்து, ஒருவன் தன் தலைவனுக்கு முழுமையாகத் தன்னை ஒப்படைத்தல் என்ற நிலையை அடைந்தது. பகவத்கீதை பற்றிய தமது ஆய்வில் டி. டி. கோசாம்பி, இத்தகைய நிபந்தனையற்ற பற்று நிலமானிய சமுதாயத்தின் அதிகார அடுக்கினுக்குப் பொருத்தமான கருத்துநிலையாக அமைந்ததெனக் காட்டினார். பங்காளி அடியவனாக மாறிய நெடும் வரலாறு இச்சொல்லிலே பொதிந்துள்ளது.

பலி என்னுஞ் சொல்லும் இவ்வாறானதே. அது தெய்வத்திற்கு இடும் காணிக்கையையும், குலத்தலைவனுக்கு அளிக்கும் திறையையும் ஆதியிற் குறித்தது. அரசு வலுவடைந்த காலத்தில் அது வரியின் பெயராயிற்று. தமிழில் 'இறை' என்பது வரியையும் அரசனையும் கடவுளையும் குறித்து நிற்பது இதனோடு ஒப்பு நோக்கத்தக்கது.

அடுத்துக் கடனை நோக்குவோம். பிராமணன் மூன்று கடன்களோடு பிறக்கின்றான் என்று தைத்திரீய சங்கிதை கூறுகின்றது. இருடிகளுக்குரிய கடனை வேதம் ஓதுவதாலும், தேவர்க்குரியதை வேள்வியாலும், முன்னோர்க்குரியதை மக்கட்பேற்றாலும் அவன் தீர்த்தல் வேண்டும். சதபத பிராமணம் மனிதர்க்குரிய கடன் என நான்காவது ஒன்றினைச் சேர்த்து, விருந்தோம்பலால் அதனைத் தீர்க்கலாம் என்கின்றது. கொடுத்தலும் பெறுதலும் குழுவினரிடையே கட்டாயமாக இருந்த சமுதாயத்தின் நினைவு இதில் உண்டு. ஆனால் பிறப்பே கடன் என்ற கருத்து வேரூன்றியதும், அக்கடனைத் தீர்க்கும் வழியை அறிந்த புரோகிதர் இன்றியமையாதவராயினர். பரஸ்பரக் கடப்பாடு, ஒரு சாரார் மறுசாராருக்கு என்றும் தீர்க்கமுடியாத கடப்பாடாக மாறத் தொடங்கியது.

3. கர்மம்: ஒரு சொல், இரு பயன்கள்

கர்மம் என்பதற்குச் செயல் என்பதே நேர்ப்பொருள். பிராமண நூல்களில் அது சிறப்பாக வேள்விச் செயலைக் குறித்தது. உபநிடத காலத்திலேதான் மறுபிறப்பை நிர்ணயிக்கும் ஆற்றல் என்ற பொருள் அதற்கு வாய்த்தது. விதேக மன்னன் சனகனது அவையிலே, இறப்பின்பின் மனிதன் என்னாகின்றான் என ஆர்த்தபாகன் வினவியபோது, யாஞ்ஞவல்கியர் அவனைத் தனியே அழைத்துச் சென்று கர்மத்தைப் பற்றிப் பேசினார் என்று பிருகதாரணியக உபநிடதம் கூறுகின்றது. சபையில் வெளிப்படையாகப் பேசத்தகாத புதுமையாக அக்கருத்து அன்று இருந்தமை இதனாற் புலனாகும். சாந்தோக்கிய உபநிடதத்திலே மறுபிறப்புப் பற்றிய போதனையை வழங்குபவன் பாஞ்சால நாட்டு அரசனாகிய பிரவாகணன். இவ்வறிவு தனக்கு முன்னர்ப் பிராமணரைச் சென்றடையவில்லை என்று அவன் கூறுவது கவனிக்கத்தக்கது.

அவ்வுபநிடதமே நல்லொழுக்கமுடையோர் மேல் மூன்று வருணங்களிலும், தீயொழுக்கமுடையோர் நாய், பன்றி, சண்டாளன் ஆகிய பிறவிகளிலும் பிறப்பர் என்று அப்போதனையின் முடிவினை வகுக்கின்றது. சண்டாளன் விலங்குகளோடு ஒரே வரிசையில் வைக்கப்பட்டான். உழைப்போரின் தாழ்நிலைக்கு உடனடிக் காரணங்களைத் தேடவேண்டிய தேவை இதனால் அற்றுப்போயிற்று. சமுதாயம் செய்த அநீதி, அநீதிக்குள்ளானவனது முற்பிறப்புக் குற்றமாக மாற்றப்பட்டது.

புத்தர் இச்சொல்லைக் கைவிடவில்லை. அதன் உள்ளடக்கத்தை மாற்றினார். வேள்விச் சடங்கினின்று கர்மத்தைப் பிரித்து, எண்ணமே கர்மம் என்று அங்குத்தர நிகாயத்தில் அவர் வரையறுக்கின்றார். வாசெட்ட சுத்தத்தில் இம்மாற்றம் மேலும் தெளிவாகின்றது. ஒருவன் பிறப்பாற் பிராமணனா, ஒழுக்கத்தாற் பிராமணனா என வாதிட்ட இரு பிராமண இளைஞர்க்கு விடையளிக்கையில், புல்பூண்டுகளிலும் விலங்குகளிலும் உள்ளது போன்ற இனவேறுபாடு மனித உடல்களில் இல்லையென்று புத்தர் காட்டுகின்றார். பயிர்செய்து வாழ்பவன் உழவன். கைத்தொழிலால் வாழ்பவன் கைவினைஞன். வணிகத்தால் வாழ்பவன் வணிகன். வேள்வி செய்து வாழ்பவன் வேள்வித் தொழிலாளி. கர்மம் என்பது ஈண்டுத் தொழில் என்னும் தன் பழைய மண்ணிற்குத் திரும்பி வருகின்றது. பிராமணன் என்ற பட்டமும் பிறப்பினின்று பறிக்கப்பட்டு ஒழுக்கத்திற்கு உரியதாகின்றது.

எனினும் பௌத்த மரபினை ஒருமுகமாகப் போற்றுதல் வரலாற்று நோக்காகாது. மச்சிம நிகாயத்திலுள்ள சூள கம்ம விபங்க சுத்தம் வறுமையையும் தாழ்குடிப் பிறப்பையும் முன்வினையின் விளைவாகவே விளக்குகின்றது. தீக நிகாயத்தின் கூடதந்த சுத்தமோ வேறொரு நோக்கினைத் தருகின்றது. நாட்டிற் கொள்ளை பெருகியபோது, தண்டனையால் அதனை ஒழிக்கவியலாது. உழவனுக்கு விதையும் வணிகனுக்கு முதலும் பணியாளனுக்கு ஊதியமும் அளித்தால் அது தானே ஒழியும் என்று அரசனுக்கு அறிவுரை கூறப்படுகின்றது. சக்கவத்தி சீகநாத சுத்தமும் திருட்டின் தோற்றத்தை வறுமையிலேயே காண்கின்றது. வறுமைக்கு முன்வினையைக் காரணங்காட்டும் குரலும், பொருளுடைமையின் பங்கீட்டைக் காரணங்காட்டும் குரலும் ஒரே திரிபிடகத்தினுள் ஒலிக்கின்றன. எக்குரல் எக்காலத்தில் ஓங்கியது என்பதை நிர்ணயித்தது நூல் அன்று. அந்நூலைக் கையாண்ட சமுதாயமேயாகும்.

4. சங்கம்: இழந்த கூட்டத்தின் மறுபிறப்பு

புத்தரது காலத்தில் சங்கம், கணம் என்னுஞ் சொற்கள் துறவிகளை மாத்திரம் குறித்தவை அல்ல. ஒரு மன்னனின் கீழமையாது, சபை கூடி ஆட்சி நடத்திய குலக்குழு அரசுகளுக்கு அவை பெயராய் வழங்கின. வைசாலியைத் தலைநகராகக் கொண்ட வச்சியர் அவற்றுட் புகழ்பெற்றவர். புத்தர் பிறந்த சாக்கியரும் அத்தகைய ஆட்சிமுறையினரே. மகத, கோசல முடியரசுகள் விரிவடைந்தபோது இக்குழு அரசுகள் ஒவ்வொன்றாக அழிந்தன.

மகாபரிநிப்பான சுத்தத்தின் தொடக்கம் இவ்வகையில் ஒப்பற்ற வரலாற்றுச் சான்றாகும். வச்சியர்மீது படையெடுக்க எண்ணிய அசாதசத்துவின் அமைச்சன் வஸ்ஸகாரன் புத்தரிடம் வருகின்றான். அடிக்கடி கூடுதல், ஒற்றுமையாகக் கூடிக் கலைதல், முன்னோர் நெறியைப் பேணுதல் முதலிய ஏழு ஒழுக்கங்களைக் கைக்கொள்ளும்வரை வச்சியர்க்கு அழிவில்லை என்று புத்தர் கூறுகின்றார். அமைச்சன் சென்றதும் பிக்குகளை அழைத்து, அதே போன்ற ஏழு ஒழுக்கங்களை அவர்களுக்கு விதிக்கின்றார். நாட்டிலே அழிந்துகொண்டிருந்த சபையாட்சி துறவியர் மடத்திலே மீளமைக்கப்பட்டது. கோசாம்பியும், 1959 இல் 'லோகாயத' என்ற நூலை வெளியிட்ட தேவிபிரசாத் சட்டோபாத்யாயாவும் பௌத்த சங்கத்தின் அமைப்பிற் குலக்குழு வாழ்வின் சாயலைக் கண்டது இதனாலேயே. தனியுடைமையின்மை, சமத்துவ வாக்குரிமை, பொதுவுணவு ஆகியவை அங்கே நடைமுறையில் இருந்தன.

ஆனால் அச்சமத்துவம் எவர்க்குத் திறந்திருந்தது? வினய பிடகத்தின் மகாவக்கம் இதற்கு விடை தருகின்றது. அரசனின் படைவீரன், கடனாளி, அடிமை ஆகியோரைச் சங்கத்திற் சேர்த்தல் ஆகாது என விதிக்கப்பட்டது. படைவீரர் பற்றிய விதி மகத மன்னன் பிம்பிசாரன் முறையிட்டதன் பின்னர் இயற்றப்பட்டது. அரசனின் படை, வட்டிக்காரனின் உரிமை, அடிமையுடையவனின் உரிமை ஆகிய மூன்றையும் சங்கம் ஊறின்றி விட்டுவைத்தது. எவ்வுறவுகள் மனிதனை நசுக்கினவோ, அவ்வுறவுகளினின்று விடுபட்டவனே விடுதலையை நாடும் கூட்டத்தினுள் நுழையலாம் என்ற முரண்பாடு இதனால் எழுந்தது. சங்கம் உயிர்வாழ்வதற்கு அரசரதும் செல்வந்தரதும் கொடை வேண்டியிருந்தமையே இதற்குக் காரணம். அநாதபிண்டிக வணிகன் நிலத்திற் பொற்காசுகளைப் பரப்பி ஜேதவனத்தை வாங்கியதைக் காட்டும் பார்குத் சிற்பம் அவ்வுறவினைக் கல்லிலே நிலைநிறுத்தியுள்ளது.

அசோகன் தன் முடிசூட்டின் இருபதாம் ஆண்டளவில் புத்தர் பிறந்த லும்பினிக்குச் சென்றமையை ரும்மின்தேய்த் தூண் பதிவுசெய்கின்றது. அங்கு அவன் செய்த அறம் யாது? அவ்வூருக்குப் பலி வரியை நீக்கி, விளைச்சற் பங்கினை எட்டிலொன்றாக விதித்தான். பலி, பாகம் என்று வேதகாலத்திற் கண்ட சொற்கள் இரண்டும் இக்கல்வெட்டில் வரித்துறைச் சொற்களாக நிற்கின்றன. புத்தர்மீது கொண்ட பற்றினை வெளிப்படுத்த ஒரு பேரரசனுக்கு வரிக்குறைப்பே தக்க மொழியாக அமைந்தது. லும்பினி உழவனுக்கு அன்று கிட்டிய பேறும் அதுவே.

5. கணக்கும் வளர்ச்சியும்

இஸ்லாம் அராபியாவின் வணிக நகரொன்றிலே தோன்றியது. 1892 இல் சி. சி. ரொறி குர்ஆனின் வணிகவியல் சார்ந்த இறையியற் சொற்களைத் தொகுத்து ஆராய்ந்தார். ஹிஸாப் என்னும் கணக்கு, மீஸான் என்னும் தராசு, அஜ்ர் என்னும் கூலி, குஸ்ர் என்னும் நட்டம், கர்ள் என்னும் கடன் ஆகியன இறைவனுக்கும் மனிதனுக்குமிடையேயான உறவினை விளக்கப் பயன்பட்டுள்ளன. மக்காவின் வணிகம் எத்துணைப் பெரியது என்பது பற்றிப் பற்றீசியா குறோன் 1987 இல் எழுப்பிய ஐயங்கள் இன்றும் விவாதத்திற்குரியன. வணிகத்தின் அளவு யாதாயினும், கேட்போருக்குக் கணக்கும் தராசும் நன்கு பழகியிருந்தன என்பதற்கு அச்சொற்களே சான்று.

ஸக்காத் என்னுஞ் சொல் வளர்தல், தூய்மையாதல் என்னும் பொருள்களைத் தரும் அடியிலிருந்து பிறந்தது. ரிபா என்பதும் பெருகுதல் என்னும் அடியிலிருந்தே பிறந்து வட்டியைக் குறிக்கின்றது. குர்ஆனின் இரண்டாம் அத்தியாயம் வட்டியையும் தருமத்தையும் நேரெதிர் நிறுத்தி, முன்னதை இறைவன் அழிப்பதாகவும் பின்னதைப் பெருகச் செய்வதாகவும் கூறுகின்றது. எது உண்மையான வளர்ச்சி என்பதே ஈண்டு எழுந்த வினா. கடன்பட்டவனின் இழப்பிலே பெருகும் செல்வமா, பகிர்வதாற் பெருகும் சமூகமா? குலப் பாதுகாப்புத் தளர்ந்து, அநாதையும் விதவையும் கைவிடப்பட்ட வணிகச் சூழலில் இவ்வினா எழுந்தது. அநாதையைத் துரத்துபவனையும் ஏழைக்கு உணவளிக்கத் தூண்டாதவனையும் தீர்ப்பினை மறுப்பவனாக 107 ஆம் அத்தியாயம் இனங்காட்டுகின்றது. நம்பிக்கையின்மையின் அடையாளம் ஈண்டுக் கோட்பாட்டு மறுப்பில் இல்லை. பங்கீட்டு மறுப்பிலேயே உள்ளது.

ஒன்பதாம் அத்தியாயம் இந்நிதியைப் பெறுவதற்கு உரியோராக எட்டுப் பிரிவினரைக் குறிப்பிடுகின்றது. வறியோர், தேவையுடையோர் என்பவருடன் கடனாளிகளும், விடுதலை பெறவேண்டிய அடிமைகளும் அதில் அடங்குவர். பௌத்த சங்கத்தின் வாயிலில் நிறுத்தப்பட்ட கடனாளிக்கும் அடிமைக்கும் இங்கே பொதுநிதியில் உரிமையுள்ள பங்கு ஒதுக்கப்பட்டது. இவ்வேறுபாடு பெரிது. ஆயினும் பங்கு ஒதுக்கப்பட்டமையே கடனும் அடிமைமுறையும் தொடர்ந்து நிலவும் என்ற எதிர்பார்ப்பினையும் உணர்த்துகின்றது. பணத்தின் நாற்பதிலொரு பங்கும், மழைநீரால் விளைந்ததின் பத்திலொரு பங்கும், நீரிறைத்து விளைவித்ததின் இருபதிலொரு பங்கும் ஸக்காத்தாக விதிக்கப்பட்டன. உழைப்பு மிகுந்தவிடத்து விகிதம் பாதியாகக் குறைந்தமை சிந்தித்தற்குரியது. நபிகளின் மறைவின்பின், 632, 633 ஆம் ஆண்டுகளில் ஸக்காத் செலுத்த மறுத்த குலங்கள்மீது கலீபா அபூபக்கர் போர் தொடுத்தார். ஏழையின் உரிமையாக எழுந்த ஒன்று எழுச்சிபெறும் அரசின் அதிகாரச் சின்னமாகவும் ஆயிற்று.

இந்தியாவில் இஸ்லாமிய அரசுகளின் பொருளாதாரம் ஸக்காத்தில் தங்கியிருக்கவில்லை. நிலவரியே அதன் அடித்தளம். அலாவுதீன் கில்ஜி (1296-1316) விளைச்சலின் அரைப்பங்கினை வரியாகக் கோரினான். உழவன் முஸ்லிமா இந்துவா என்பதிலும், அவன் விளைவித்த தானியம் எவ்வளவு என்பதே அரசின் முதன்மைக் கணக்காக இருந்தது.

6. சொற்களின் சந்திப்பு

இவ்வாறு வெவ்வேறு சமுதாயங்களில் உருவான சொற்றொகுதிகள் இந்தியாவிற் சந்தித்தபோது நிகழ்ந்தது யாது? கஜினி மாமூது சோமநாதக் கோயிலைச் சூறையாடியவனாகவே பாடநூல்களில் அறிமுகமாகின்றான். அவனே 1027, 1028 ஆம் ஆண்டுகளில் லாகூரில் இருமொழி வெள்ளிக்காசுகளை வெளியிட்டான். ஒருபுறம் அரபியிலிருந்த இஸ்லாமிய உறுதிமொழி மறுபுறம் வடமொழியிற் பெயர்க்கப்பட்டது. அப்பெயர்ப்பில் அல்லாஹ் 'அவ்யக்தம்' ஆகின்றான். முகம்மது நபி 'அவதாரம்' ஆகின்றார். இறைவன் மனித உருக்கொள்வான் என்பதை இஸ்லாம் ஏற்காது. ஆயினும் காசு சந்தையிற் செல்லவேண்டும். சந்தையிலிருப்போருக்கு அது விளங்கவேண்டும். கோட்பாட்டாளர் ஒப்பாத பெயர்ப்பினைப் பரிவர்த்தனையின் தேவை ஒப்பிற்று.

அதே சோமநாதத்திற்கு அணித்தான வேராவலில் 1264 இல் ஹொர்மூஸ் நாட்டுக் கப்பல் வணிகர் ஒருவர் பள்ளிவாசல் எழுப்பினார். அதற்கான நிலம் பெறுவதில் உள்ளூர்ப் பிரமுகரும் பாசுபத சைவ ஆசாரியரும் தொடர்புற்றிருந்தனர். அதனைப் பதிவுசெய்த வடமொழிச் சாசனம் அல்லாஹ்வை விசுவநாதன் என்றும், நபியைப் போதகர் என்றும் குறிக்கின்றது. காலத்தை ஹிஜ்ரி உள்ளிட்ட நான்கு சகாப்தங்களிற் கணக்கிடுகின்றது. மேற்குக் கடற்கரையின் வணிக நலன் அங்கே இருசாராரையும் பிணைத்திருந்தது. தமிழிலும் இத்தகைய நகர்வு உண்டு. சமண, பௌத்த துறவியரின் உறைவிடத்தைக் குறித்த 'பள்ளி' என்னுஞ் சொல்லே இஸ்லாமியரின் தொழுகையிடத்துக்குப் பெயராயிற்று. குர்ஆனை 'மறை' என்றும் 'வேதம்' என்றும் தமிழ் முஸ்லிம் புலவர் வழங்கினர். கருத்துக்கள் தனித்தனிப் பெட்டகங்களில் வாழ்ந்தன எனக் கொள்வோர் இச்சான்றுகளுக்கு விடை கூறுதல் வேண்டும்.

7. சங்கத், லங்கர், கால்சா

பஞ்சாபில் இச்சந்திப்பு ஒரு புதிய சமய இயக்கத்தின் மொழியாகவே உருப்பெற்றது. குரு நானக் (1469-1539) வணிகத்தோடும் கணக்கெழுதுதலோடும் தொடர்புடைய கத்ரி சாதியிற் பிறந்தவர். சுல்தான்பூரிலே தௌலத்கான் லோதியின் தானியக் களஞ்சியத்தில் அவர் பணியாற்றினார் என்று ஜனம்சாகி மரபு கூறும். பிற்காலத்திற் கர்த்தார்பூரிற் குடியேறிப் பயிர்செய்து வாழ்ந்தார். அவரது பாடல்களில் முதல், வணிகம், கணக்கு, உழவு, அரசவை ஆகிய துறைகளின் சொற்கள் இறைநெறியைப் பேசுகின்றன. இறைவனின் ஒழுங்கினைக் குறிக்கும் 'ஹுக்கம்' அரசாணையைச் சுட்டும் அரபுச்சொல். அருளைக் குறிக்கும் 'நதர்' பார்வை என்னும் பொருள்படும் 'நஸர்' என்பதன் திரிபு.

இவ்விடத்திற் 'கரம்' என்னுஞ் சொல் சிறப்பாக ஆராயத்தக்கது. வினையைக் குறிக்கும் கர்மம் பஞ்சாபி மொழியிற் 'கரம்' என்றாகும். அருளைக் குறிக்கும் அரபுச்சொல்லும் 'கரம்' என்றே ஒலிக்கும். குர்முகியில் இரண்டின் எழுத்து வடிவமும் ஒன்றே. ஜப்ஜியில் ஆன்மீகப் படிநிலைகளுள் ஒன்றாகக் கூறப்படும் 'கரம் கண்ட்' வினையின் மண்டலமா, அருளின் மண்டலமா என்று அறிஞர் இன்றுவரை விவாதிக்கின்றனர். நானக் வினைக்கோட்பாட்டை மறுக்கவில்லை. பிறவி வினையால் அமையும். விடுதலை அருளால் வரும் என்பதே அவர் நிலை. வினையின் கணக்கினை விஞ்சும் அருள் ஒன்று உண்டெனின், சாதியடுக்கிற்குச் சான்றாக நின்ற அக்கணக்கின் இறுதித்தன்மை குலைந்துபோகின்றது. சாந்தோக்கியத்தின் சண்டாளனுக்கு அடைக்கப்பட்ட வழி இங்கே திறக்கப்பட்டது.

கருத்து நடைமுறையாக மாறிய இடமே லங்கர் என்னும் பொதுச் சமையற்கூடம். சாதிவழி உணவுத் தீட்டு நிலவிய நாட்டில், யாவரும் ஒரே வரிசையில் அமர்ந்து உண்ணல் வேண்டும் என்பது வெறும் விருந்தோம்பல் அன்று. பங்கிட்ட உணவு என்னும் பொருளுடைய 'பக்தம்' என்ற பழஞ்சொல்லின் உள்ளடக்கம் நெடுங்காலத்தின் பின் அங்கே மீட்கப்பட்டது எனலாம். குரு அர்ஜன் 1604 இல் தொகுத்த ஆதிகிரந்தத்தில் நெசவாளியான கபீர், தோற்றொழிலாளியான ரவிதாஸ், நாவிதரான சைன், சூபி ஞானியான பரீத் ஆகியோரின் பாடல்கள் இடம்பெற்றமை அதே போக்கின் வெளிப்பாடாகும்.

சீக்கிய சமூகம் விரிவடைந்தபோது காணிக்கை சேகரிப்போர் நியமிக்கப்பட்டனர். அவர்கள் 'மசந்த்' எனப்பட்டனர். உயர் அதிகாரிகளுக்கு வழங்கிய 'மஸ்னத்' என்ற பட்டமே அப்பெயரின் மூலம். வருவாயின் பத்திலொரு பங்காகிய 'தஸ்வந்த்' அவர்கள் மூலம் குருவை அடைந்தது. காலப்போக்கில் மசந்துகள் தாமே சிறு பிரபுக்களாயினர். குரு கோபிந்த் சிங் 1699 இல் அவர்களை நீக்கிக் கால்சாவை அமைத்தார்.

கால்சா என்பதைத் 'தூயவர்' என்று மாத்திரம் பெயர்ப்போர் அதன் வரலாற்றைத் தவறவிடுகின்றனர். முகலாய நிருவாகத்தில் 'காலிசா' என்பது ஜாகீர்தார் எவருக்கும் ஒதுக்கப்படாது, வருவாய் நேரே பேரரசின் கருவூலத்தைச் சேரும் நிலத்தைக் குறித்தது. இடைத்தரகர் அற்ற நிலம் என்பதே அதன் சாரம். குருவோடு நேரடித் தொடர்புடைய கூட்டத்தினரைக் கால்சா எனக் குறிக்கும் வழக்கு 1699 க்கு முன்னரே குருமாரின் ஆணைமடல்கள் சிலவற்றிற் காணப்படுகின்றது. சாட் உழவர் பெருந்தொகையாகச் சீக்கியராயினர் என்பதை இர்பான் ஹபீப் முதலானோர் ஆராய்ந்துள்ளனர். வரிவசூலிப்பாளர், ஜாகீர்தார், சமீந்தார் ஆகிய இடைத்தரகர் அடுக்கின் பாரத்தைத் தோளிற் சுமந்த அவ்வுழவருக்குக் 'கால்சா' என்னுஞ் சொல் எதனை உணர்த்தியிருக்கும் என்பதை ஊகித்தல் அரிதன்று. 1709 முதல் 1715 வரை பந்தா பகதூரின் தலைமையிற் பஞ்சாபின் உழவரும் தாழ்த்தப்பட்டோரும் முகலாய அதிகாரத்தை எதிர்த்துப் போராடியது இச்சொல்லின் பெயராலேயே.

வரலாறு அத்துடன் நிற்கவில்லை. 1799 இல் லாகூரைக் கைப்பற்றிய ரஞ்சித் சிங்கின் அரசு 'சர்க்காரே கால்சா' எனப்பட்டது. அவ்வரசு மீண்டும் ஜாகீர்களை வழங்கியது. இடைத்தரகர் அற்ற உறவின் பெயர், இடைத்தரகரைப் புதிதாக உருவாக்கிய அரசின் பெயராயிற்று. வரித்துறையினின்று புறப்பட்ட சொல் கிளர்ச்சியின் வழியே சென்று வரித்துறைக்கே மீண்டது.

8. முடிவுரை

மேற்கண்ட சான்றுகள் ஒரு பொதுப்போக்கினைப் புலப்படுத்துகின்றன. பங்கு அடிமைப்பற்றாகவும், பரஸ்பரக் கடன் பிறவிக் கடனாகவும், ஏழையின் உரிமை அரசின் வரியாகவும், உழவரின் கூட்டம் அரசின் பெயராகவும் மாறின. அதே வேளையில், ஒவ்வொரு கட்டத்திலும் உழைப்போரும் இழிந்தோரும் அச்சொற்களை மீளப் பற்றித் தம் கோரிக்கைகளை அவற்றின் மூலமே உரைத்தனர். இவ்விரண்டாவது போக்கு முதலாவதனைப் போலவே வரலாற்று உண்மையாகும்.

நவீன காலத்திலும் இது தொடர்ந்தது. 1872 இற் பிரித்தானியர் தொடங்கிய இந்தியக் குடிசன மதிப்பீடு ஒவ்வொருவரையும் ஒரு சமயத்தின் பெயரால் எண்ணிற்று. 1909 இன் சட்டம் முஸ்லிம்களுக்குத் தனித்தொகுதி வழங்கி, அவ்வெண்ணிக்கையை அரசியற் பங்கீட்டின் அடிப்படையாக்கிற்று. சமயச் சொற்கள் வேலியிடப்பட்ட சொத்தாகக் கருதப்படலாயின. ஆயினும் 1920 ஒக்டோபரில் அமிர்தசரசுப் பொற்கோயிலிலே தாழ்த்தப்பட்ட சாதிச் சீக்கியர் கொணர்ந்த பிரசாதத்தைப் பூசகர் ஏற்க மறுத்தபோது, சங்கத் என்னும் கூட்டத்தின் சமத்துவத்தைச் சொல்லியே அவர்கள் போராடி வென்றனர். கோயில்களைப் பரம்பரை மகந்துகளின் பிடியினின்று மீட்ட குருத்துவாராப் போராட்டம் அதன்பின் விரைவுற்று, 1925 இன் சட்டத்தில் முடிந்தது. 1956 ஒக்டோபர் 14 ஆம் நாள் நாகபுரியில் அம்பேத்கர் இலட்சக்கணக்கானோருடன் பௌத்தம் தழுவினார். மறு ஆண்டு வெளிவந்த தமது நூலில், முற்பிறவிக் கர்மத்தால் வறுமையை விளக்கும் கோட்பாடு சமுதாயத்தைப் பொறுப்பினின்று தப்புவிப்பதற்கே உதவும் என்று அவர் காட்டினார். வாசெட்ட சுத்தத்திற்கும் சூள கம்ம விபங்கத்திற்குமிடையே திரிபிடகத்தினுள் இருந்த பழைய முரண்பாட்டில் அவர் ஒரு பக்கத்தைத் தெளிவாகத் தேர்ந்தெடுத்தார்.

இதனின்று ஆய்வாளர் பெறவேண்டிய படிப்பினைகள் இரண்டு. சமயக் கலைச்சொல் ஒன்றினை விளக்குகையில் அதன் அகராதிப் பொருளோடு அமையாது, எவர், எவரை நோக்கி, எவ்வுற்பத்தி உறவுகளின் மத்தியில் அதனைக் கூறினர் என்று வினவுதல் வேண்டும். அடுத்ததாக, பல சமயத்தார் கூடிவாழும் நாடுகளில் ஒரு சொல்லைத் தமக்கே உரியதென்று கொண்டாடிப் பிறரைப் பகைப்போர்க்கு, அச்சொல் நடந்துவந்த வழியினைச் சான்றுகளோடு எடுத்துக்காட்டுதல் வேண்டும். காசிலும் கல்வெட்டிலும் கிரந்தத்திலும் அச்சொற்கள் கைமாறியுள்ளன. அவற்றை முதலில் உருவாக்கிய வாழ்க்கையோ பங்கிட்டும் கடன்பட்டும் கணக்கிட்டும் கூடியும் உழைத்த மக்களுக்கே பொதுவாக உரியது. கடனாளிக்கும் அடிமைக்கும் சண்டாளனுக்கும் அச்சொற்கள் அளித்த வாக்குறுதி எங்கெல்லாம் நிறைவேறாது கிடக்கின்றதோ, அங்கெல்லாம் அவற்றின் வரலாறு இன்னும் முடிவுறவில்லை.